மேட்டூர் எத்தனை அடி?

என் கணவர் முபாரக்கை அன்றைக்கு நான் சும்மா விட்டதே பெரிய விஷயம்.

என் தங்கை ஹுமைராவுக்குக் கண் தெரியாது. லேப்டாப் வாசித்துக் காட்டுவதைக் கேட்டே எல்லாம் செய்வாள். மறுநாள் தஞ்சாவூரில் டீச்சர் வேலையில் சேர வேண்டும். முதல் வேலையே மதிப்பெண் பட்டியல். அப்படி வாசித்துக் காட்டும் இலவச மென்பொருளோ கட்டம் போட்ட பட்டியலைத் திறந்தால் ஊமையாகிவிடும். பிழையை நான் கண்டுபிடித்துத் திருத்திவிட்டேன். நாலே வரி! அதற்காக அத்தனை பெரிய மென்பொருளையும் கம்பைல் செய்து, அதாவது நிரலிலிருந்து துண்டு துண்டாக மறுபடி உருவாக்கி, எடுக்க வேண்டும். லேப்டாப்பில் மெமரி வெறும் இரண்டு ஜிபி.

முதலில் நாலு துண்டுகளை ஒரே நேரத்தில் ஓடவிட்டேன். பத்தே நிமிடத்தில் மெமரி நிறைந்து நின்றுவிட்டது. கீழ்வேளூர்க்காரிக்கு இது தெரிய வேண்டாமா? கடைமடையில் தண்ணீர் குறைந்தால் முறை வைத்துத்தானே பாய்ச்சுகிறோம்! ஒன்று முடிந்த பிறகே அடுத்தது என்று மாற்றினேன். மூன்று நாள் ஓடியது. யாரும் லேப்டாப்பைத் தொடக் கூடாது என்று உத்தரவு போட்டிருந்தேன்.

ஞாயிறு மதியம் மூன்று மணி. தொண்ணூற்றெட்டு சதவீதம்! ஐந்து மணிக்கு ஹுமைராவுக்கு பஸ். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. டீ போட்டுக்கொண்டு வந்து பார்த்தால், லேப்டாப் முன்னால் முபாரக். திரையில் மேட்டூர் அணை நீர்மட்டம். பிரவுசர் மெமரியைத் தின்றதில் கம்பைல் செத்துக் கிடந்தது.

"என்ன காரியம் பண்ணினீங்க!"

"பக்கத்து வயல் துரைராசு எத்தனை அடின்னு கேட்டாரு. போன்ல நெட் தீந்துபோச்சு. ஒரு நிமிஷம்தானே..."

"ஒரு நிமிஷமா? மூணு நாளுங்க!"

ஹுமைரா மட்டும் பதறவில்லை. "லாத்தா, முடிஞ்சதெல்லாம் டிஸ்க்லதானே இருக்கு? விட்ட இடத்துலேர்ந்து ஓட்டேன்."

அட! கோபத்தில் எனக்கு இது தோன்றவே இல்லை. மிச்சம் இருந்தது துண்டுகளை ஒன்றாக இணைப்பது. மெமரியை அதிகம் தின்பதும் அதுதான். பிரவுசரை மூடினேன். திரையில் இருந்த ஜன்னல், படம் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, கறுப்புத் திரையில் வெறும் எழுத்தாக ஓடவிட்டேன். முபாரக் பக்கத்திலேயே காவல் இருந்தார். துரைராசு மறுபடி கூப்பிட்டபோது, "ரேடியோல கேளுங்க!" என்று கத்தினார்.

நாலரைக்கு முடிந்தது. ஒரு பிழை இல்லை! நான் குதித்தே விட்டேன்.

சோதிக்க ஒரு பட்டியல் வேண்டுமே? முபாரக் அசடு வழிய உட்கார்ந்து, கட்டம் போட்டு, நாலு நாள் மேட்டூர் மட்டத்தைத் தட்டினார். ஹுமைரா அம்புக்குறியை அழுத்தினாள்.

"இன்று. நூற்று நான்கு அடி" என்றது லேப்டாப்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஹுமைரா கையை நீட்டினாள்.

"போனைக் குடுங்க மச்சான். துரைராசு அண்ணனுக்கு நானே படிச்சுச் சொல்றேன்."