பத்தொன்பதாவது இடிதாங்கி

அலன் வரைந்து எழுதும் 'இடிதாங்கி' படக்கதையின் பத்தொன்பதாவது இதழுக்கு நான் நல்ல விமர்சனம் எழுதினேன். முந்தைய பதினெட்டுக்கும் எழுதியது நான்தான். ஒன்றையும் திட்டாமல் விட்டதில்லை. "இதும் தேறலீன்னு சொன்னீங்கன்னா நிறுத்திப் போடறேனுங்க எல்சா ஆன்ட்டி. கல்யாண ஆல்பம் டிசைன் பண்ணப் போயிடறேன்" என்று குன்னூரிலிருந்து போன் பண்ணிச் சொல்லியிருந்தான். அதற்காக இரக்கப்பட்டு எழுதவில்லை. நிஜமாகவே பிடித்திருந்தது.

கதாநாயகன் மூக்கன் குந்தாவில் மின்கம்பி வேலை பார்க்கிறவன். இடி விழுந்தால் உடம்பில் வாங்கி எதிரிமேல் திருப்பிவிடுவான். கருமேகம் என்கிற வில்லன் அவனை அணைமேல் போட்டு அடித்துவிட்டுக் கேட்கிறான்: "இத்தனை வாங்கியும் எதுக்குடா எந்திரிக்கிற?"

பக்கத்தைத் திருப்பினால் மூக்கனின் அம்மா பேச்சி: "கஞ்சி ஆறுது. எந்திரி."

படக்கதையை நான் வாய்விட்டுத்தான் படிப்பேன், ஆளுக்கொரு குரலில். அந்த வரியைப் பேச்சியின் குரலில் இன்னொரு தரம் படித்தேன். கருமேகத்துக்கு வேறென்ன பதில் வேண்டும்? 'இதுவரை வந்ததிலேயே இதுதான் அருமையான இடம்' என்று எழுதி, எங்கள் வாசகர் குழுவின் இணையப் பக்கத்தை நடத்தும் சசிகலாவுக்கு அனுப்பினேன். லவ்டேலில் எங்கள் தெரு இறக்கத்தில்தான் அவள் வீடு. ஆனாலும் போன்தான் பண்ணுவாள்.

"அக்கா, நீங்க எந்த இடிதாங்கியப் படிச்சீங்க?"

"ஏன், எத்தனை இருக்குது?"

"என்ற புஸ்தகத்துல கேள்வி கேட்ட ஒடனே மூக்கன் ரெண்டு பக்கம் பேசறான். மக்கள், கடமை, வெளிச்சம்னு. சண்டையெல்லாம் முடிஞ்சு ஊட்டுக்குப் போனப்புறந்தான் கஞ்சி."

"என்னுதுல கஞ்சி குடிச்சப்புறமில்ல பேசறான்?"

"செரி, ஆரம்பத்துல பாருங்க. தோள்ல கட்டு எப்ப வருது?"

"என்ன கட்டு?"

புரட்டினேன். மூன்றாம் பக்கத்தில் வலது தோளில் வெள்ளைக் கட்டோடு நிற்கிறான். ஐந்தாம் பக்கத்தில்தான் அந்தத் தோளில் அடிபடுகிறது. நான் கவனிக்கவே இல்லை. வசனம் கோர்வையாக இருந்தது, அதன் பின்னாலேயே போய்விட்டேன்.

"படக்கதைக்கு விமர்சனம் எழுதறவங்க படத்தையும் கொஞ்சம் பாக்கலாமுங்க்கா."

"வெய்யிடி போன. நான் சொல்றவரைக்கும் விமர்சனத்தப் போட்டுறாத."

அச்சடித்த தாள்களை அலனும் அவன் மனைவி ஜோவிதாவும் வீட்டிலேயே மடித்து, ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து, நடுவில் ஸ்டேப்ளர் பின் அடிப்பார்கள். ஒரு தாள் மாறினால் முன்னால் ஓரிடம், பின்னால் ஓரிடம், இரண்டிலும் கதை முன்பின்னாகிவிடும். எனக்கு வந்த பிரதியில் அப்படி ஆகியிருக்கிறது.

அலனைக் கூப்பிட்டேன்.

"அலன், நல்லாருக்குன்னு எழுதிட்டேன்."

"ஜோவி! ஆன்ட்டி நல்லாருக்குன்னுட்டாங்க!"

"இரு, கத்தாத. நான் நல்லாருக்குன்னது நீ எழுதுனது இல்ல." நடந்ததைச் சொன்னேன்.

உள்பக்கம் குரல் கொடுத்தான்: "ஜோவி, ஆன்ட்டி புஸ்தகத்துக்குப் பின் அடிச்சது யாரு?"

"நீங்கதான். கிரிக்கெட் பாத்துக்கிட்டே" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

"அப்ப ஒண்ணு பண்றேனுங்க ஆன்ட்டி. மிச்சம் இருக்கறதையெல்லாம் பிரிச்சு, உங்களுது மாதிரியே அடிச்சுப் போடறேன். விமர்சனம் அப்படியே வரட்டும்."

"கட்டு முதல்ல, காயம் அப்புறமா?"

"அத யாருங்க பாக்கப் போறா? நீங்களே பாக்கலியே."

அந்த மூன்றாம் பக்கத்தை மறுபடி திறந்து பார்த்தேன்.

"நிறுத்த வெச்சுறாதீங்க ஆன்ட்டி" என்றான். குரல் இறங்கிவிட்டிருந்தது.

சசிகலாவின் பிரதியை வாங்கிவந்து, வாயை மூடிக்கொண்டு படித்தேன். மூக்கனின் சொற்பொழிவு வழக்கம்போலத்தான். கஞ்சி வரும் பக்கத்தில் நின்று பார்த்தேன். பேச்சி கிண்ணத்தை அவனுக்கு இடது கைப்பக்கம் நகர்த்தி வைக்கிறாள். அவனால் வலது கையைத் தூக்க முடியாது. மகன்தான் இடிதாங்கி என்று அவளுக்கு இதுவரை தெரியாது, காயத்தையும் அவன் மறைத்திருக்கிறான். தெரிந்துகொண்டாள் என்று எங்கேயும் எழுதவில்லை. கிண்ணம் மட்டும் இடப்பக்கம் இருக்கிறது.

பழையதை அழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். என் பிரதியில் தாள் மாறியிருந்ததையும், நான் படத்தைப் பார்க்காமல் பாராட்டியதையும் முதலில் சொன்னேன். பிறகு: 'சரியான வரிசையில் படித்தால் மூக்கனின் இரண்டு பக்கப் பேச்சு கதையை நிறுத்திவைக்கிறது. அது வேண்டாம். ஆனால் அந்தக் கிண்ணத்தை இடப்பக்கம் வரையத் தெரிந்தவர் இத்தனை வசனம் எழுதவேண்டிய அவசியம் இல்லை.'

சசிகலா அதைப் பக்கத்தில் போட்டாள். அலன் என் போனை எடுக்கவில்லை. ஒரு வாரம் கழித்து ஜோவிதா கூப்பிட்டாள்.

"கோவமுங்க ஆன்ட்டி. திட்டிக்கிட்டேதான் வரையறாரு."

"ஆல்பமா?"

"இடிதாங்கிதானுங்க. இருங்க, போனப் புடுங்கறாரு..."

"ஆன்ட்டி, அடுத்த இதழ்ல ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்டான். ஒரு வசனங்கூடக் கெடையாது. எதை வாய்விட்டுப் படிக்கறீங்கன்னு பாத்துப்போடறேன்."

"கருமேகங்கூடவா?"

"அவனுந்தான்."

"பேச்சி?"

"ஒருத்தரும் இல்லீங்க." கொஞ்சம் யோசித்தான். "மழைக்கு மட்டும் வேணும்னா சத்தம் எழுதறேன்."