வெட்டி எடுத்த துண்டுகள்

புது ஹார்ட் டிஸ்கை மாட்டியாகிவிட்டது. கம்ப்யூட்டர்தான் அதைக் கண்டுகொள்ளவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. திரையில் கம்ப்யூட்டரை ஓட்டுகிற டிஸ்குக்குப் பக்கத்தில், பதிவுகள் கிடக்கிற பழைய டிஸ்க் மட்டும் வழக்கம்போல் உட்கார்ந்திருந்தது, வீட்டுக்குப் புதிதாக ஓர் ஆள் வந்திருக்கிற நினைப்பே இல்லாமல்.

குரல்காரர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பக்கத் தகட்டைக் கழற்றிய பெட்டிக்குள் தலையை விட்டிருந்தார். அவர் மனைவி பின்னால் நின்று புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளை வர்றார்ல, அவர் வந்து பாக்கட்டுமே" என்று அவள் சொல்லிவிட்டாள். சொல்லியிருக்கக் கூடாது. தன் வீட்டில் ஒரு ஸ்க்ரூவைத் திருக மாப்பிள்ளை வரவேண்டும் என்று எந்த மாமனார்தான் ஒத்துக்கொள்வார்? அவர் திரும்பிப் பார்த்த பார்வையில் அவள் வாயை மூடிக்கொண்டாள். மூடியது வாயைத்தான். கண் பழைய டிஸ்கைவிட்டு நகரவில்லை.

பார்வையில்லாத பிள்ளைகளுக்காகப் பாடப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்வது அவர்கள் தொழில். அவர் வாசிப்பார். அவள் ஹெட்போன் மாட்டிக்கொண்டு இருமல், பெருமூச்சு, தடுமாற்றம் எல்லாவற்றையும் வெட்டி எடுப்பாள். அதனால் அவளுக்கு அவர் வைத்த பெயர் வெட்டுக்காரி. போன வருடம் அவருக்குத் தொண்டையில் ஆபரேஷன் நடந்தது. உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள், குரல் போய்விட்டது. இப்போது அவர் பேசினால் வெறும் காற்றுதான் வரும், பக்கத்தில் இருந்தால்தான் கேட்கும். தெருக்காரர்கள் மட்டும் இன்னும் குரல்காரர் என்றே கூப்பிடுகிறார்கள். மாற்றச் சொல்ல இவருக்கும் குரல் இல்லை.

பாடங்களைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. அவையெல்லாம் எப்போதோ போக வேண்டிய இடத்துக்குப் போய்விட்டன. அவள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றது, வெட்டி எடுத்த துண்டுகளுக்காக. வாய் குழறியபோது அவர் தன்னையே திட்டிக்கொண்டது, கொசுவோடு சண்டை போட்டது, செரிமான மண்டலத்தை வாசிக்கும்போது "இன்னிக்கு என்ன சமையல்?" என்று கேட்டது. அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் பழைய பதிவுகளைத் தோண்டி இவற்றையெல்லாம் பொறுக்கிச் சேர்த்துவைத்தாள். வீட்டுக்கு வந்ததும் அவர் முதல் வேலையாகச் சொன்னார், என் பழைய சத்தம் இந்த வீட்டில் கேட்கவே கூடாது என்று. சரி என்று தலையாட்டிவிட்டு, அந்த ஃபோல்டருக்கு 'வரி ரசீதுகள்' என்று பெயர் வைத்தாள். அந்தப் பெயருள்ள எதன் பக்கமும் அவர் தலைவைத்துப் படுக்க மாட்டார் என்பது அவளுக்குத் தெரியும்.

அதற்கு வேறு பிரதி கிடையாது. பிரதி எடுக்கத்தான் இந்தப் புது டிஸ்கையே வாங்கினாள். கடைக்காரரிடம், "பழசு நல்லா உழைச்சுது, அச்சு அசல் அதே மாதிரி ஒண்ணு குடுங்க" என்று அதே கம்பெனி, அதே அளவில் கேட்டு வாங்கிவந்தாள். ஜாக்கெட் துணி எடுக்கிற புத்தி, வேறென்ன?

"வயர் சரியா உக்காரல" என்றார் அவர். எல்லாவற்றையும் பிடுங்கி, தூசி ஊதி, மறுபடி செருகினார். கம்ப்யூட்டரைப் போட்டார். அது நிதானமாக விழித்துக்கொண்டது. திரையில் இப்போது புதியதும் இல்லை, பழையதும் இல்லை.

"ஏங்க, பழசு எங்க?"

"வரும் இரு."

"எங்கன்னு கேக்கறேன்!"

அவர் டிஸ்குகளைக் காட்டும் பக்கத்தைத் திறந்தார். ஒரு சின்னக் கட்டம் எழும்பியது. டிஸ்க் ஒன்று, டிஸ்க் இரண்டு, இரண்டும் புதியவை, பயன்படுத்தும் முன் துடைத்துத் தயார் செய்ய வேண்டும் என்றது. இரண்டுக்கு நேராகவும் அதுவே டிக் போட்டுவைத்திருந்தது. கேட்காமலே உதவிக்கு வருகிறவர்களை நம்பக் கூடாது.

"பாத்தியா, வந்துடுச்சு!" அவர் முகம் மலர்ந்தது. மவுஸின் அம்பு 'சரி' என்ற பொத்தானை நோக்கி நகர்ந்தது.

"இருங்க. நாம வாங்கினது ஒண்ணுதானே? ரெண்டு புதுசு எப்படி வந்துச்சு?"

"பழசையும் புதுசுன்னு நெனச்சுக்கிட்டிருக்கு. நெனச்சுட்டுப் போகட்டும். பாடமெல்லாம்தான் அனுப்பியாச்சே, இதுல கெடக்கறது குப்பை. தொடச்சா இடம் மிச்சம்."

"கையை எடுங்க!"

அவள் போட்ட சத்தத்தில் அவர் கை அந்தரத்தில் நின்றது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் அவள் அவரிடம் குரலை உயர்த்தியதே இல்லை. அவருக்கு இல்லாத ஒன்றைத் தான் காட்டிக்கொள்வானேன் என்று.

"குப்பை இல்லைங்க. அதுல நீங்க இருக்கீங்க."

அவருக்குப் புரியவில்லை. அவள் சொன்னாள். கோபமும் அழுகையும் ஒன்றாக வந்ததில் கொசுவும் சமையலும் வரி ரசீதும் முன்பின்னாகக் கொட்டின. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"வேணாம்னு சொன்னேன்ல?"

"சொன்னீங்க. நான் கேக்கல."

"எப்பப் போட்டுக் கேப்ப?"

"நீங்க வாக்கிங் போறப்போ."

"அதுக்குத்தான் தினமும் போங்க போங்கன்னு வெரட்டினியா?"

"டாக்டரும்தான் சொன்னார்" என்றாள் அவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

அவர் அந்தக் கட்டத்தைப் பார்த்தார். அதுவரை அலட்சியமாக இருந்த மனுஷன் இப்போது ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். 'வேண்டாம்' என்ற பொத்தானைக் கண்டுபிடித்து, சரியாக அதன்மேல்தான் அம்பு இருக்கிறதா என்று குனிந்து பார்த்து, அழுத்தினார். கட்டம் மறைந்தது. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு மறுபடி தரையில் உட்கார்ந்தார்.

"டார்ச்சைப் புடி."

அவள் பிடித்தாள். வெளிச்சம் ஆடியது. "ஆட்டாதே" என்றார். ஒவ்வொரு வயராகத் தொட்டு, எங்கிருந்து எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டே வந்தார். மின்சாரம் போகிற வயர் ஒன்றில்தான் கடைசியில் விரல் நின்றது. மறுபடி செருகும்போது ஒரே வயரைக் கவையாகப் பிரித்து, புதியதுக்கும் பழையதுக்கும் சேர்த்துக் கொடுத்திருந்தார். பழைய டிஸ்குக்குப் போதுமான தீனி போகவில்லை, அதனால் தான் யார் என்றே அதற்குச் சொல்லத் தெரியவில்லை.

"என் தப்புதான்" என்று பெட்டிக்குள்ளேயே சொன்னார். பழையதுக்குத் தனி வயர் கொடுத்தார்.

கம்ப்யூட்டரை மறுபடி போட்டார். அவள் கடவுளைக் கூப்பிட்டாள், எந்தக் கடவுள் என்றெல்லாம் பார்க்கவில்லை. அவர் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். வலித்தது, இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

பழைய டிஸ்க் வந்தது. அதன் பெயரும், அதன் கீழே முக்கால்வாசிக்கு மேல் நிறைந்த நீலக்கோடும் அப்படியே வந்தன. சின்னக் கட்டமும் எழும்பியது, இந்தமுறை ஒரே ஒரு டிஸ்கோடு. அவர் அவளைப் பார்த்தார். அவள் அந்த டிஸ்கின் எண்ணை வாய்விட்டு இரண்டு தரம் படித்துவிட்டு, "ம்" என்றாள். 'சரி' அழுத்தினார். கொஞ்ச நேரத்தில் பழையதுக்குப் பக்கத்திலேயே புது டிஸ்க் காலியாக வந்து நின்றது.

அவள் வரி ரசீதுகளைப் பிரதி எடுக்க நாற்காலியை இழுத்தாள். அவர் மவுஸை விடவில்லை.

"உள்ள எல்லாம் சரியா இருக்கான்னு பாக்க வேணாமா?" என்றார்.

"பாக்கறதுன்னா போட்டுக் கேக்கணும்ங்க."

"தெரியும்."

ஃபோல்டரைத் திறந்தார். வரிசையில் நடுவிலிருந்த ஒன்றின்மேல் அம்பை வைத்தார். பிறகு அழுத்தினார்.

"அந்தக் கதவைச் சாத்தேம்மா, தெருச் சத்தமெல்லாம் உள்ள வருது!"

கனத்த, முழுக் குரல். அறை முழுக்க நிறைந்தது.

அவள் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளில் கை வைத்த பிறகுதான் யார் சொல்லி வந்தோம் என்பது உறைத்தது. அப்படியே கதவைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள். அவர் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாத்திய கதவையும் அவளையும் பார்த்தபடி, அதையே இன்னொரு தரம் போட்டார்.