ஆயா என்று எழுதிய அனுமதி

தலைமன்னார் துறைமுகக் கந்தோரில் அன்ரோனெற்றின் மலாயா அனுமதிப் பத்திரத்தைப் புரட்டிய உத்தியோகத்தர் தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"ஆயா வேலைக்குத்தானே போறீங்கள்?"

"இல்லை. நேர்ஸ் வேலைக்கு."

"இதில ஆயா எண்டுதான் கிடக்கு. மலாயாவில இறங்கினாப் பிறகு மானேச்சர் துரை வீட்டு வேலை. வேற வேலை செய்யேலாது. வேலையை விட்டால் திரும்பி வரவேணும்." அவர் பத்திரத்தைத் திருப்பிக் காட்டினார்.

அன்ரோனெற் வாசித்தாள். பெயர் அவளுடையது, படமும் அவளுடையது. வேலை என்ற இடத்தில் ஆயா என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. அவளுக்குக் காது இரண்டும் சுட்டன.

கொழும்பில் படித்து முடித்து, உலக யுத்த காலம் முழுக்க மன்னார் ஆஸ்பத்திரியில் பிரசவ அறையில் நின்றவள் அவள். மலாயாவில் ஒரு றப்பர் கொம்பனியின் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு நேர்ஸ் தேவை என்று ஏஜென்ட் கனகரத்தினம் வந்து சொன்னபோது முதலில் அவள் காது கொடுக்கவில்லை. "எங்கட சனம் அங்க பிள்ளை பெறேக்குள்ள சாகுது பிள்ளை. நோவைச் சொல்ல, எங்கட பாசை விளங்கிற ஒருத்தர் இல்லை" என்று அவர் சொன்னதுதான் அவளை அசைத்தது. கொம்பனியே அனுமதி எடுத்துத் தரும் என்றார். அவள் மன்னார் வேலையை விட்டாள். பேசாலைக் கோயிலில் அவளுக்காகப் பூசை ஒப்புக்கொடுத்தார்கள்.

கனகரத்தினம் அன்று வழியனுப்ப வந்திருந்தார். வெள்ளைக் கோட்டும் குடையுமாக ஓடி வந்து அவளை ஒரு பக்கமாகக் கூட்டிப்போனார்.

"பிள்ளை, இது கடதாசிக்குத்தான். நேர்ஸ் எண்டு போட்டால் அங்கத்தை மெடிக்கல் கந்தோர் பார்க்கவேணும், மாசக்கணக்கில இழுபடும். ஆயா எண்டால் துரை கையெழுத்து வைச்சால் சரி. போனாப் பிறகு நீங்கள் நேர்ஸ்தான்."

"போனாப் பிறகு நான் வார்டில நிண்டுபோட்டு, பின்னேரம் துரையின்ர பிள்ளையைத் தூக்கோணும். மாட்டன் எண்டால் துரை கப்பலேத்தி விடுவார். அதுக்குத்தானே இப்பிடி எழுதினது?"

"சத்தம் போடாதேங்கோ. சனம் பாக்குது."

"பாக்கட்டும்."

பக்கத்தில் வங்காலைப் பெண் றோஸ்மேரி நின்றாள். போன வருடம்தான் நேர்ஸ் படிப்பை முடித்தவள். அவளுடைய பத்திரத்திலும் அதே சொல். அவள் அழுதாள். ஆனால் கப்பல் ஊதியபோது பெட்டியைத் தூக்கினாள்.

"போகாதே," என்றாள் அன்ரோனெற்.

"வீட்டில எல்லாருக்கும் சொல்லியாச்சு அக்கா. நான் எந்த முகத்தோட திரும்பிப் போறது?"

அன்ரோனெற்றுக்கு அவள் மேலும் ஆத்திரம் வந்தது. பிறகு, அந்த ஆத்திரம் போகவேண்டிய இடம் அதுவல்ல என்று நினைத்தாள். இந்தியாவில் மலாயாக் கப்பல் பிடிக்கப் போகிறவர்களோடு கப்பல் தனுஷ்கோடிப் பக்கம் திரும்பியது. அவள் தன் பெட்டியோடு கரையில் நின்றாள்.

வழியனுப்ப வந்த அண்ணன் சந்தியோகுவோடு ரெயிலில் திரும்பினாள். பேசாலையில் இறங்கும்போது அவன் கேட்டான். "ஒரு சொல்லுத்தானே தங்கச்சி. அதுக்காக இவ்வளவையும் விட்டிட்டு வந்தனியே?"

"அந்தச் சொல்லுக்குள்ளதான் அண்ணா நான் அங்க சீவிக்கோணும்."

ஊரில் என்னென்னவோ கதைத்தார்கள். கப்பலேறப் பயந்துவிட்டாள் என்றார்கள். வைத்தியச் சோதனையில் ஏதோ பிடிபட்டது என்றார்கள். மன்னார் ஆஸ்பத்திரியில் அவளுடைய இடத்துக்கு வேறொருத்தி வந்துவிட்டாள். அன்ரோனெற் யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை. திங்கட்கிழமை காலை வெள்ளைச் சீருடையைப் போட்டுக்கொண்டு மன்னார் கடைத்தெருவில் இருந்த கனகரத்தினத்தின் கந்தோருக்குப் போய், வாசலுக்கு நேரே கிடந்த கதிரையில் இருந்தாள்.

"என்ன பிள்ளை, வேலை கேட்டு வந்தனீங்களோ?"

"நேர்ஸ் எண்டு மாத்தித் தரச்சொல்லிக் கொம்பனிக்குத் தந்தி அடியுங்கோ. அடிக்கும் வரைக்கும் இதிலதான் இருப்பன்."

அவர் சிரித்தார். அடுத்த நாளும் அவள் வந்தபோது சிரிக்கவில்லை. மூன்றாம் நாள் கதிரையை உள்ளே எடுத்து வைத்துவிட்டார். அவள் படியில் இருந்தாள்.

அன்றைக்குத்தான் எருக்கலம்பிட்டிச் சரிபுதீன் தன் மகன் சனூனின் பத்திரத்தை வாங்க வந்தார். மகன் அதே கொம்பனிக்குக் கிளாக்கராகப் போக இருந்தான். வெளியே வந்தவர், மூத்த மகளுக்குப் பிரசவம் பார்த்த நேர்ஸ் படியில் இருப்பதைக் கண்டு நின்றார்.

"என்னம்மா, இஞ்ச இருக்கிறீங்க?"

"என்னை நேர்ஸ் எண்டு கூப்பிட்டு ஆயா எண்டு எழுதினவங்கள். உங்கட மகன்ர கடதாசியையும் ஒருக்கா வாசிக்கட்டோ?"

அவர் தயங்கித்தான் கொடுத்தார். அவள் அந்த வரியை ஆங்கிலத்தில் வாசித்து, தமிழிலும் சொன்னாள். தோட்டக் கூலி.

சரிபுதீன் பத்திரத்தை அவள் கையிலிருந்து வாங்கினார். பிறகு கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். அவர் குரல் கடைத்தெரு முழுக்கக் கேட்டது. "என்ட பிள்ளை இங்கிலீசு படிச்சவன். அவனை மண்வெட்டி பிடிக்கவா கூப்பிட்டீங்க? அல்லாட மேல ஆணையா, இந்த ஊரிலயிருந்து ஒருத்தனும் உங்கட கப்பல்ல ஏறமாட்டான்."

இரண்டு கடைக்காரர்கள் வந்து எட்டிப்பார்த்தார்கள். பின்னேரம், விடத்தல்தீவிலிருந்து இரண்டு பேர் தங்கள் பத்திரங்களை நேரே அன்ரோனெற்றிடம் கொண்டுவந்து நீட்டினார்கள். அடுத்து வந்தவர்கள் கந்தோர்ப் படியில் ஏறுவதற்கு முன் அவளிடம்தான் நின்றார்கள். அவள் வாசித்துச் சொன்னபின் பத்திரத்தைக் கந்தோரிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனவர்களே அதிகம்.

அந்தக் கிழமை முடிவதற்குள் கனகரத்தினம் தந்தி அடித்தார். அடித்த துண்டை அவள் மடியில் எறிந்தார். "ஒரு பொம்பிளைக்கு இவ்வளவு கோபம் கூடாது," என்றார்.

"இந்தக் கோபமே காணாது," என்றாள் அவள்.

மழை தொடங்கும் காலத்தில் புதுப் பத்திரம் வந்தது. நேர்ஸ். மெடிக்கல் கந்தோரின் முத்திரையும் இருந்தது. சனூனுக்கும் கிளாக்கர் என்று வந்தது. ஆனால் சரிபுதீன் மகனை அனுப்பவில்லை.

"றோஸ்மேரிக்கு?" என்று அன்ரோனெற் கனகரத்தினத்திடம் கேட்டாள்.

"அவ சம்மதிச்சுப் போனவதானே. அதைப்பற்றி ஏன் இனி?"

இந்த முறை துறைமுகத்துக்கு றோஸ்மேரியின் தாயும் வந்திருந்தாள். ஒரு போத்தல் ஊறுகாயை அன்ரோனெற்றிடம் கொடுத்து, "மகளிட்டக் குடுத்துவிடுங்கோ. ரெண்டு பேரும் ஒரே ஆஸ்பத்திரியில நேர்சா இருக்கப்போறீங்கள், எனக்கு இனிப் பயமில்லை" என்றாள். பக்கத்தில் நின்ற கனகரத்தினத்தைப் பார்த்து, "ஐயா செய்த உதவி" என்று கும்பிட்டாள். அவரும் கும்பிட்டார்.

அந்தக் கும்பிடுதான் அன்ரோனெற்றால் பொறுக்க முடியாமல் போனது.

"அம்மா, உங்கட மகளை நேர்சா அனுப்பேல்லை. ஆயாவா அனுப்பினது. இவர்தான் அனுப்பினவர். அவள் உங்களுக்குச் சொல்ல வெட்கப்படுறாள். வெட்கப்படவேண்டியது அவளில்லை."

தாய்க்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கனகரத்தினத்தின் கோட்டுக் கையைப் பிடித்தாள். அவர் உதறப் பார்த்தார். அவள் விடவில்லை, கத்தவுமில்லை. "என்ர பிள்ளை படிச்சதெல்லாம் என்ன?" என்று மெல்லிய குரலில் திரும்பத் திரும்பக் கேட்டாள். கப்பலுக்குப் போகிறவர்களும் வழியனுப்ப வந்தவர்களும் அவர்களைச் சுற்றி நின்றார்கள்.

அன்ரோனெற் ஏறினாள்.

மலாயாவில் முதல் நாள் பின்னேரமே அவள் துரையின் பங்களாவுக்குப் போனாள். றோஸ்மேரி இடுப்பில் துரையின் குழந்தையோடு நின்றாள், காலையில் வார்டில் போட்ட சீருடையை மாற்றக்கூட நேரமில்லாமல். அன்ரோனெற் துரையிடம் சொன்னதைப் பிறகு றோஸ்மேரிதான் ஊரில் எல்லோருக்கும் சொன்னாள். இந்தப் பிள்ளையின் பத்திரம் மாறும்வரை வார்டில் நடக்கும் ஒவ்வொரு பிரசவத்தின் அறிக்கையிலும் "உதவியவர்: துரை வீட்டு ஆயா" என்று எழுதி மெடிக்கல் கந்தோருக்கு அனுப்புவேன் என்றாளாம். ஆயாவை வைத்துப் பிரசவம் பார்த்தது தெரிந்தால் மெடிக்கல் கந்தோர் துரையைத்தான் கேட்கும்; அவர் அவளைத் திருப்பி அனுப்புவதாக மிரட்டினார். அனுப்பினால் வார்டைப் பார்க்க ஆளில்லை என்பது அவருக்கும் தெரியும்.

அவள் சொன்னபடியே எழுதி அனுப்பினாள். றோஸ்மேரியின் பத்திரம் மாற ஒரு வருடத்துக்குக் கிட்டப் போனது. அதற்குள் இங்கே இலங்கைக்குச் சுதந்திரமும் வந்துவிட்டது. அந்த ஒரு வருடத்தில் ஒரு நாளாவது அன்ரோனெற்றின் கோபம் தணிந்ததாக றோஸ்மேரி சொன்னதில்லை.