நோட்டில் திருத்தாத வரி

வெரீனாவை மடக்கும்படி ஒரு மறைக்கேள்வி கேட்க அந்தக் கூட்டத்தில் ஆளில்லை என்று இரண்டு வருஷமாகப் பேச்சு. எகிப்தின் மின்யா நகரில் மருந்தியல் மூன்றாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். வியாழக்கிழமை மதியம் வகுப்பு முடிந்ததும் நைல் கரைத் தேவாலயத்தின் இரண்டாம் மாடியில் கிறிஸ்தவ மாணவர்கள் கூடுவார்கள். அதை எல்லாரும் 'உஸ்ரா' என்பார்கள், குடும்பம் என்று. ஜுரம் அடித்தாலும் வெரீனா அதைத் தவறவிட்டதில்லை. பழைய திருச்சபைச் சங்கங்களில், நிசேயாவில் எதற்காகச் சண்டை, எபேசுவில் யாரை எதற்காக வெளியேற்றினார்கள், எல்லாம் விரல் நுனியில். யாராவது சந்தேகம் கேட்டால், கூட்டத்தை நடத்தும் குருவானவர் அபூனா பக்கூம் முதலில் அவள் முகத்தைத்தான் பார்ப்பார். அந்த ஒரு பார்வைக்காக அவள் வாரம் முழுக்கப் படித்தாள்.

அப்படியிருந்த இடத்தில்தான் தக்லா வந்து சேர்ந்தாள்.

சமாலூத்துக்குப் பக்கத்தில் கரும்புக்காட்டு நடுவே ஒரு கிராமம் அவளுக்கு. கால்நடை மருத்துவம் முதல் வருஷம். சத்தமாகப் பேசுவாள், சத்தமாகச் சிரிப்பாள், வேதப்புத்தகத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கொண்டுவருவாள். வந்த இரண்டாவது வாரமே கையைத் தூக்கினாள்.

"அபூனா, புயல்ல இயேசு படகுல தூங்கிட்டிருந்தாரே, அந்நேரம் உலகத்த யாரு பாத்துக்கிட்டா?"

பின்வரிசை சிரித்தது. அபூனா சிரிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "நான் குருப்பட்டம் வாங்கி இருபது வருஷமாச்சு. இத யாரும் என்கிட்ட கேட்டதில்ல."

வெரீனா எழுந்து பதில் சொன்னாள். தேவத்துவம் ஓய்வதில்லை, மனுஷத்துவம் ஓயும், ஆனாலும் இரண்டும் பிரிவதில்லை என்று, சங்கங்களின் வருஷங்களோடு சொன்னாள். சரியான பதில்தான். யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

தக்லா கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, "அப்ப எங்கம்மா மாதிரின்னு சொல்லுங்க அப்லா. அசந்து தூங்கும். ஆனா தொழுவத்துல கன்னு லேசா முனகுனா வாசல்ல நிக்கும்" என்றாள். மேல்எகிப்தில் மூத்த பெண்ணை அப்லா என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பது பேரும் சிரித்தார்கள். முப்பது பேரும் அதை எழுதிக்கொண்டார்கள்.

படியிறங்கும்போது வெரீனாவின் தோழி இரீனி அவளை இடுப்பில் இடித்தாள். "என்னடி, உன் நாற்காலிக்கு ஆள் வந்தாச்சு போல?"

"போடி. கன்னுக்குட்டிக் கதை சொன்னா மறைக்கல்வியா?"

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தக் கன்றுக்குட்டி அவளோடு வந்தது. வாரங்கள் போகப் போக, தக்லா வாய் திறந்தாலே வெரீனாவுக்கு எரிந்தது. அவள் பேசாமல் இருந்தால், ஏன் பேசவில்லை என்று அபூனா கேட்பார். அதுவும் எரிந்தது. ஜெபத்துக்குக் கண்ணை மூடினால் தக்லாவின் குரல் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்றுதான் காது தேடியது.

ஈஸ்டருக்கு முன்வரும் பெருநோன்பின் முதல் வாரம் அபூனா அறிவித்தார். மறைமாவட்ட மாணவர்களுக்கான படிப்பு நாள் வருகிறது. ஒவ்வொரு கூட்டத்திலிருந்தும் ஒருவர் பேச வேண்டும். தலைப்பு, வார்த்தையானவர் மனிதனானது, அதாவது கடவுள் இயேசுவாக மனித உடல் எடுத்தது. கடந்த இரண்டு வருஷமும் வெரீனாதான் போயிருந்தாள். இந்தத் தலைப்புக்கு அவள் கிறிஸ்துமஸிலிருந்தே குறிப்பெடுத்து வைத்திருந்தாள்.

"இந்தத் தடவ தக்லா பேசட்டும்" என்றார் அபூனா. "வெரீனா, நீ பக்கத்துல இருந்து வரிக்கு வரி பாத்துக் குடும்மா. உன்னை விட்டா யாரு இருக்கா?"

"சரி அபூனா" என்றாள் வெரீனா. சொல்லும்போது முகம் சிரித்தமாதிரிதான் இருந்தது. அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த சென்ற வருஷப் படத்தில் அவள் ஒலிவாங்கி முன்னால் நின்றிருந்தாள். அதை அவள் பார்க்கவில்லை, பார்க்காமல் இருப்பதற்குத்தான் பாடுபட்டாள்.

நான்கு நாள் கழித்து தக்லா நோட்டோடு மருந்தியல் கல்லூரிக்கே வந்துவிட்டாள். மரத்தடி சிமெண்டுப் பலகையில் உட்கார்ந்து, காகிதத்தில் சுற்றிய, தஅமியா என்ற பருப்புவடை வைத்த ரொட்டியைப் பாதி பிய்த்து நீட்டினாள். "நோன்புக்குச் சேந்ததுதான், சாப்பிடுங்க. தப்பு இருந்தா காதப் புடிச்சுத் திருகுங்க அப்லா. எனக்கு இந்தச் சங்கம் கிங்கமெல்லாம் குழப்பம்."

வெரீனா சிவப்புப் பேனாவைத் திறந்து படிக்க ஆரம்பித்தாள்.

கையெழுத்து மோசம், எழுத்துப்பிழை நிறைய. ஆனால் மூன்றாம் பக்கத்துக்கு வந்தபோது அவள் கை நின்றது. ஈனும்போது கன்று குறுக்கே மாட்டிக்கொண்டால் வெளியே நின்று தாய் எருமைக்குத் தைரியம் சொல்லிப் பயனில்லை, தோள் வரை கையை உள்ளே விட வேண்டும், ரத்தமும் அழுக்கும் படாமல் யாரும் கன்றை எடுத்ததில்லை, அப்படித்தான் கடவுள் ஆளனுப்பிப் பார்க்காமல் தானே வந்து கையை விட்டார் என்று தக்லா எழுதியிருந்தாள். வெரீனா அந்தப் பக்கத்தை இன்னொரு முறை படித்தாள். இப்படி ஒரு வரி தனக்கு ஒருநாளும் வராது என்று அந்த மரத்தடியிலேயே அவளுக்குத் தெரிந்துபோயிற்று. எத்தனை படித்தாலும் வராது.

ஐந்தாம் பக்கத்தில் இன்னொன்று இருந்தது. 'ஒரு மனிதன் வீட்டில் குடியிருப்பதுபோல, கடவுள் இயேசு என்ற மனிதனுக்குள் குடியிருந்தார்.'

பேனா முனை அந்த வரியின் கீழே தொட்டும் தொடாமலும் நின்றது. வீடு வேறு, குடியிருப்பவன் வேறு. இதைச் சொன்னதற்குத்தான் எபேசுச் சங்கத்தில் நெஸ்தோரியஸ் என்ற ஆயரைச் சபையைவிட்டே தள்ளினார்கள். ஒவ்வொரு பூசையிலும் இமைப்பொழுதும் பிரியவில்லை என்று அறிக்கையிடும் சபையில், இந்த வரியைப் படிப்பு நாளில் சொன்னால் என்ன ஆகும் என்று வெரீனாவுக்கு நன்றாகத் தெரியும். ஒரு கோடு போட்டால் போதும்.

"என்ன அப்லா, ஏதும் தப்பா?"

"இல்ல. எழுத்து புரியல, அதான்." பக்கத்தைத் திருப்பினாள். கடைசியில் இரண்டு வசன எண்களைத் திருத்தினாள், ஒரு எழுத்துப்பிழையைச் சுழித்தாள். "நல்லா வந்திருக்கு. எதையும் மாத்தாத."

தக்லா அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் இருந்தது. கைப்பேசியில் ஒரு வரி தட்டி அனுப்பினால் முடிந்தது. வெரீனா தினமும் அனுப்ப நினைத்தாள், தினமும் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டாள். அவளே கண்டுபிடிக்கட்டும். அபூனாவும் ஒருமுறை பார்ப்பார். அவ்வளவு பெரிய புத்திசாலிக்கு நான் எதற்கு?

படிப்பு நாளில் மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் மறைக்கல்வி ஆசிரியர் டாக்டர் வஹீப் உட்கார்ந்திருந்தார். தப்பான சொல்லை மோப்பம் பிடிப்பவர் என்று பெயரெடுத்த கிழவர். தக்லா எருமைக் கதையைச் சொன்னபோது மண்டபத்தில் தும்மல் கூட இல்லை. முன்வரிசைக் கிழவி ஒருத்தி தலைத்துணி நுனியால் கண்ணைத் துடைத்தாள். வெரீனா தன் கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

பிறகு அந்த வீட்டு வரி வந்தது.

"நிறுத்து பொண்ணே." டாக்டர் வஹீப் எழுந்தே விட்டார். "யாரு உனக்கு இதச் சொல்லிக் குடுத்தா? இது நெஸ்தோரியஸோட பேச்சு. ஆயிரத்து அறுநூறு வருஷம் கழிச்சு நம்ம மேடையில ஏறி நிக்கிறானா அவன்?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தக்லா நோட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். காதுமடல் வரை சிவந்துவிட்டது. "எனக்குத் தெரியலங்க ஐயா. நாந்தான் எழுதுனேன்."

அபூனா பக்கூம் திரும்பினார். "வெரீனா, நீ பாத்தியேம்மா?"

"வேகமாப் பாத்தேன் அபூனா."

"அப்லா மேல தப்பில்ல," என்றது மேடையிலிருந்து தக்லாவின் குரல். "என் எழுத்து கோழி கிளறுன மாதிரி. அவங்களுக்குப் புரிஞ்சிருக்காது."

டாக்டர் வஹீப் வெரீனாவைக் கை காட்டினார். "நீ போன வருஷம் பேசுன பொண்ணுதானே? வா, நீ சொல்லு." வெரீனா மேடையேறினாள். இரும்பு நெருப்பில் பழுத்தால் இரும்பு எது நெருப்பு எது என்று பிரிக்க முடியாது, அடித்தால் இரும்புதான் வளையும், ஆனால் தொட்டால் நெருப்பு சுடும் என்று தடங்கலில்லாமல் சொன்னாள். கைதட்டினார்கள். கிறிஸ்துமஸிலிருந்து ஆசைப்பட்ட மேடை, ஆசைப்பட்ட தலைப்பு, ஆசைப்பட்ட கைதட்டல். தக்லா ஓரமாக நின்று, மற்றவர்களோடு சேர்ந்து, தானும் தட்டினாள்.

அடுத்த வியாழன் தக்லா வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. வகுப்புக்கு வருகிறாளாம், முடிந்ததும் நேரே ஊர் வண்டி ஏறிவிடுகிறாளாம். வெரீனாவின் நாற்காலி வெரீனாவுக்கே திரும்பிவிட்டது. அபூனா அவள் முகத்தைப் பார்த்தார். அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இரண்டு ஞாயிறு நற்கருணை அப்பம் வாங்கப் போகாமல் தூணோரம் நின்றாள்.

"ஏன்டி, உடம்புக்கு ஏதும் முடியலையா?" என்றாள் அம்மா. "நோன்பு நேரத்துல யாராச்சும் பந்திய விட்டுட்டு நிப்பாங்களா?"

மூன்றாவது வாரம் பாவ அறிக்கைக்குப் போனாள். அபூனா பக்கத்தில் உட்கார்ந்து, தரையைப் பார்த்தபடி, வேகமாகச் சொல்லி முடித்தாள். "தெரிஞ்சேதான் விட்டேன் அபூனா. அவ விழணும்னுதான் விட்டேன்."

கோபத்தில் அவர் மூச்சு கனத்து வருவது அவளுக்குக் கேட்டது. "உனக்கு நான் மன்னிப்பு ஜெபம் சொல்லிரலாம்" என்றார். "ஆனா அந்தப் புள்ள வீட்ல உக்காந்து, தான் விசுவாசத்துக்கே லாயக்கில்லன்னு நெனச்சிட்டிருக்கு. நான் போன் பண்ணா அழுது. அதுக்கு என்ன ஜெபம் சொல்ல? நீ போ."

வெள்ளிக்கிழமை காலை சமாலூத் வண்டியேறி, அங்கிருந்து இன்னொரு வண்டி மாறிப் போனாள். தக்லாவின் அம்மா, மகளின் சிநேகிதி என்றதும், வாசலிலேயே கட்டிப்பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். "தொழுவத்துல இருக்கா. மாட்டுக்குக் குளம்புல புண்ணு. போய்ப் பேசு தாயி, யார்கிட்டயும் மூஞ்சி குடுத்துப் பேச மாட்டேங்கிறா."

தக்லா எருமையின் காலை மடியில் வைத்துக் கழுவிக்கொண்டிருந்தாள். வெரீனாவைப் பார்த்ததும் எழப்போனாள். "அப்லா! இந்தச் சேத்துக்குள்ள எதுக்கு..."

"உக்காரு. ஒண்ணு சொல்லணும்." வழியெல்லாம் அடுக்கிவைத்த வார்த்தைகள் எதுவும் வரவில்லை. "உன் எழுத்து எனக்கு நல்லாப் புரிஞ்சுது. அந்த வரி தப்புன்னும் தெரிஞ்சுது. தெரிஞ்சுதான் மாத்தாதன்னு சொன்னேன்."

தக்லாவுக்கு உடனே விளங்கவில்லை. கையில் துணியோடு அப்படியே இருந்தாள். "எதுக்கு?"

"பொறாமை."

"என் மேலயா?" நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள். "நிசேயா எந்தத் திசையில இருக்குன்னு கூட எனக்குத் தெரியாது. என் மேல என்ன பொறாமை?"

"மூணாம் பக்கம். கன்னு எடுக்கிறது. அந்த மாதிரி எனக்கு வராது."

தக்லா வாளித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் கொஞ்சம் கொஞ்சமாக இறுகியது. "அம்புட்டு பேரு முன்னால நின்னேன். எங்கப்பா அன்னைக்கு வேலைக்குப் போகாம வந்து பின்னால உக்காந்திருந்தாரு, தெரியுமா? நான் உனக்காகப் பேசுனேன் மேடையில. நீ கேட்டுக்கிட்டு நின்ன." 'அப்லா' போய், 'நீங்க'வும் போய்விட்டது. "மூணு வாரமா ஜெபத்துல வாயத் திறக்கவே பயம் எனக்கு. எந்தச் சொல்லு தப்போன்னு."

"என்னை மன்னிச்சிரு."

"இன்னைக்கு முடியாது. அம்மா சோறு போடும், சாப்பிட்டுப் போ. இல்லன்னா அதுக்கு மனசு கஷ்டம்." துணியைப் பிழிந்தாள். "என்கிட்ட தனியாச் சொன்னா ஆச்சா? சிரிச்சவங்க அங்கல்ல இருக்காங்க?"

அம்மா போட்ட அவரைக்கடைசலும் ரொட்டியும் வெரீனா சாப்பிட்டாள். விழுங்கியது எப்படி என்று அவளுக்கே தெரியாது.

அந்த வியாழன், ஆரம்ப ஜெபம் முடிந்ததும் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னாள். மூன்று நிமிஷம்தான் ஆகியிருக்கும். இரீனி வாயைப் பொத்திக்கொண்டாள். பொறியியல் படிக்கும் அர்சானி மட்டும், "அட, நீயா வெரீனா?" என்றான், திட்டுவதற்கு அல்ல, நம்ப முடியாமல். அபூனா அவள் நடத்திவந்த புதுமாணவர் வகுப்பை வேறொருத்திக்குக் கொடுத்தார். நடந்ததைச் சொல்லி டாக்டர் வஹீபுக்கு அவளையே கடிதம் எழுதச் சொன்னார். எழுதினாள். ஒரு வரிப் பதில் வந்தது, தக்லாவிடம் தான் போனில் பேசிவிட்டதாக.

உயிர்ப்புப் பெருவிழா கழிந்து இரண்டு வாரத்தில் தக்லா திரும்பி வந்தாள். சத்தம் கொஞ்சம் குறைந்திருந்தது. அபூனா அவளைப் பேசச் சொன்னபோது நோட்டை முதலில் அர்சானியிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னாள். இருவரும் சன்னலோரம் தலையைச் சாய்த்து வரிவரியாகப் படிப்பதை மூன்றாம் வரிசையிலிருந்து வெரீனா பார்த்தாள். அதே எரிச்சல். இந்தத் தடவை அர்சானி மேல். ஒப்புக்கொண்டால் போய்விடும் என்று நினைத்திருந்தாள். போகவில்லை.

தக்லா அன்றைக்கும் நன்றாகத்தான் பேசினாள். நடுவில் ஓரிடத்தில், உயிர்த்தபின் இயேசுவுக்கு உடல் தேவைப்படவில்லை என்பதுபோல ஒரு தப்பான சொல் வந்துவிட்டது. அர்சானி கவனிக்கவில்லை. வெரீனாவின் கை பாதி எழுந்து மடிக்குத் திரும்பியது. எல்லார் முன்னாலும் சொல்ல அவளுக்குத் தன்மேலேயே நம்பிக்கையில்லை. ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, கூட்டம் கலைந்ததும் படிக்கட்டில் தக்லாவிடம் நீட்டினாள்.

தக்லா இரண்டு முறை படித்தாள். "இது பொறாமையில எழுதுனதா, நெசமா?"

"ரெண்டும்."

"சரி. அர்சானிகிட்டயும் கேட்டுக்கிறேன்" என்று தக்லா காகிதத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டாள். இரண்டு படி இறங்கியவள் நின்று, "அடுத்த வாரமும் ஏதாச்சும் தப்பாச் சொன்னா எழுதி வையி" என்றாள். பிறகு ஊர் வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினாள்.