மஞ்சள் மூலை

சக்கரபாணி நவீன ஓவியர். அவர் படத்தைப் பார்த்து "இது என்னங்க?" என்று கேட்டவர்களுக்கு அவர் பதில் சொன்னதே இல்லை. கேட்காதவர்களுக்கு விலாவாரியாகச் சொல்லியிருக்கிறார்.

ரமணாசிரமத்துப் பக்கம் வாடகை அறை. எழுபத்தெட்டாம் வருஷம் அச்சுமேல் பித்துப் பிடித்து, தேரடித் தெருவிலிருந்த மக்பூல் பாயின் அச்சகத்துக்கு நடையாய் நடந்தார். வட்டமாக அறுத்த, நடுவில் வெடித்த மரப்பலகையை, காலால் மிதித்து ஓட்டும் டிரெடில் மிஷினில் மாட்டி, மை ஏற்றி, கெட்டுப்போன காகிதத்திலெல்லாம் அடித்துப் பார்ப்பார். அத்தனையும் புரூஃப். முடிந்த படம் என்று ஒன்றும் கிடையாது.

"கல்யாணப் பத்திரிகைக்கு நான் ஒரு புரூஃப்தான் எடுப்பேன். நீங்க ஜென்மம் பூரா எடுக்கறீங்க சார்" என்பார் மக்பூல்.

ஒரு வெள்ளிக்கிழமை மக்பூல் ஜும்மாவுக்குக் கிளம்பினார். "வேஸ்ட் பேப்பர் கூடையில கீது, எடுத்துக்குங்க."

கீழ்பென்னாத்தூர் முருகையன் தன் மகள் சந்திரகலாவின் கல்யாணப் பத்திரிகைகளுக்கு நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, அச்சக மேஜைமேல் காயப் பரப்பிவிட்டு ஓட்டலுக்குப் போயிருந்தார்.

கூடை காலியானது. சக்கரபாணியின் கண் மேஜைக்குப் போனது. பத்திரிகை என்று தெரியும். மஞ்சள் எதற்கென்றும் தெரியும். அந்த மஞ்சள் பக்கத்தில் கறுப்பு எப்படி உட்காரும் என்பதுதான் தெரியாது. ஒன்றே ஒன்று என்று எடுத்தார். பிரமாதம். அடுத்ததில் பலகையைக் கொஞ்சம் தள்ளி மாட்டினார். அது அதைவிடப் பிரமாதம். டிரெடில் தடதடவென்று ஓடியது.

வெற்றிலை மென்றுகொண்டே வந்த முருகையனுக்கு வாய் அப்படியே நின்றது. மகள் பெயர்மேல் கரி பூசினாற்போல் கறுப்பு வட்டம். பின்னாலேயே மக்பூல்.

"என்ன பாய் இது? நல்ல காரியத்துல போய்..."

"வேஸ்ட்டுன்னு நெனச்சிட்டேன்" என்றார் சக்கரபாணி. அவர் விரல் பத்திலும் மஞ்சள்.

மக்பூல் அந்த விரல்களைப் பார்த்தார். பிறகு முருகையன் பக்கம் திரும்பினார். "என் தப்புண்ணே. நான்தான் எடுத்து உள்ள வெச்சிருக்கணும். கோத்த எழுத்து அப்படியே இருக்குது. சாயங்காலத்துக்குள்ள வேற அடிச்சுத் தந்துடறேன்."

யாரும் கேட்காமலே சக்கரபாணி டிரெடிலை மிதிக்கப் போய் நின்றார். யாரும் வேண்டாமென்றும் சொல்லவில்லை. கறுப்புப் பட்டதை வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாதென்று முருகையன் ஒவ்வொன்றாகக் கிழித்துக் கூடையில் போட்டார்.

ஒரு பத்திரிகை அவர் கைக்கு வந்தபோது டிரெடில் மெதுவானது. அதில் வட்டம் பெயருக்குக் கீழே, மூலைப் பக்கமாகத் தள்ளி விழுந்திருந்தது. பலகை வெடித்த இடத்தில் மை படாமல் மஞ்சள் மினுங்கியது. இத்தனை நாளில் வந்ததிலேயே நல்ல புரூஃப்.

முருகையன் நிமிர்ந்தார். "இது வேணுமா உங்களுக்கு?"

சக்கரபாணி தலையைக் குனிந்துகொண்டார்.

முருகையன் மகள் பெயர் இருந்த வரியை மட்டும் பதமாகக் கிழித்து, மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "இந்தாங்க. மீதி உங்களுது."

சக்கரபாணியின் தலை நிமிரவேயில்லை. கை மட்டும் நீண்டது.