நாக்குக்கு அடியில்

நான் ரத்தினக் கல் பட்டை தீட்டும் பட்டறையில் வாசல் சோதனைக்காரி. வேலை முடிந்து போகிற ஒவ்வொருவரையும் நிறுத்தி, வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்ப்பதுதான் என் இருபத்திரண்டு வருடப் பிழைப்பு. பட்டறையில் எனக்கு ‘ஆ காட்டு அக்கா’ என்று பெயர். முகத்துக்கு நேரே சொல்ல எவருக்கும் துணிச்சல் கிடையாது.

அன்று முதலாளி ஒரு நீலக் கல்லைக் கொடுத்து என்னை ரயிலேற்றினார். சட்டையின் உள்மடிப்பில் வைத்துத் தைத்திருந்தேன். தொலைந்தால் வேலை போவதோடு நிற்காது, திருடி என்ற பெயரும் வரும். ஆள் பார்க்க அந்த இடத்தைத் தொடவும் கூடாது.

எதிர் இருக்கைக்காரரை ஏறியதிலிருந்தே எனக்குப் பிடிக்கவில்லை. மடியில் ஒரு கறுப்புப் பெட்டி. விரல்கள் அதன்மேல் ஓயாமல் எதையோ தட்டிக்கொண்டிருந்தன. சனியன், நான் கொஞ்சம் கண்ணசந்துவிட்டேன். விழித்தபோது அவர் கன்னம் ஒரு பக்கம் புடைத்திருந்தது. அடுத்து எந்த ஸ்டேஷன் என்று கேட்டேன். வாயைத் திறக்காமல் தோளைக் குலுக்கினார். கல்லை ஒளிக்கிற கன்னத்தை எனக்குத் தெரியாதா?

“வாயத் திறங்க. நாக்கத் தூக்குங்க,” என்றேன்.

மிரண்டுபோய்த் திறந்தார். உள்ளே மஞ்சளாக ஏதோ தெரிந்தது. யோசிக்காமல் விரலை விட்டு இழுத்தேன். வந்தது கல் இல்லை, விரல் நீளத்துக்கு ஒரு நாணல் சீவல். என் பிடியில் அதன் நுனி பிளந்திருந்தது.

அது சாக்ஸபோனின் ஊதுவாயில் வைக்கிற ரீட், எச்சிலில் ஊறினால்தான் நாதம் வரும் என்றார். ரயில் ஆட்டத்தில் நுனி இடிபடாமலிருக்க முழுசாக வாய்க்குள் வைத்திருந்தாராம். அன்று மாலை ஒரு ஜாஸ் குழுவோடு முதல்முறையாக வாசிக்கப் போகிறார். பத்தில் ஒன்றுதான் சரியாக அமையும், அமைந்தது இதுதான்.

அப்போதுதான் கல் விலாவில் உறுத்துவது எனக்கு உறைத்தது. முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. என் பக்க நியாயத்தைச் சொல்கிறேன் பேர்வழி என்று பட்டறை, கல், பயணம் என எல்லாவற்றையும் உரக்கக் கொட்டினேன்.

அவர் குனிந்து மெல்லச் சொன்னார்: “அக்கா, கல்லு உங்ககிட்ட இருக்குன்னு இப்ப எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு.”

நிமிர்ந்தேன். அத்தனை கண்களும் என்மேல். கதவருகே நின்ற இருவர் என் இருக்கைப் பக்கம் நகர்ந்து வந்தார்கள். ரயில் வேகம் குறைந்தது.

“நான் ஊதுறேன். எல்லாரும் திரும்புவாங்க. நீங்க இறங்கிடுங்க.”

இவரும் அவர்களுடைய கூட்டாளியோ என்று முறைத்தேன். அவர் எதையும் கவனிக்காமல் பெட்டியிலிருந்து சாக்ஸபோனை எடுத்து, பிளந்த ரீட்டையே மாட்டிக்கொண்டு எழுந்து ஊதினார். வாத்தின் கழுத்தைப் பிடித்தது போல அலறியது. எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டு அவர் பக்கம் திரும்பிச் சிரித்தார்கள். ரயில் நின்றதும் நான் கூட்டத்தை இடித்துக்கொண்டு இறங்கினேன். என்னைத் தொடர்ந்து வந்த இருவரும்கூட வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

“இந்த லட்சணத்துல கச்சேரி வேறயா?” என்றான் அவர்களில் ஒருவன்.

அவர் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, முன்னைவிட மோசமாக ஊதினார். வெட்கத்தில் எனக்கு உடம்பு கூசியது. நடைமேடைக் கூட்டத்துக்குள் நான் கலக்கிறவரை அவர் நிறுத்தவே இல்லை.