காஞ்சிபுரம் வேன்

செல்லக்கனிக்கு ஜெபகுமாரை முதல் நாளே பிடிக்கவில்லை. தலைமை அலுவலகத்திலிருந்து புதிதாக வந்திருந்த மனிதவள அதிகாரி. அளவுக்கு மீறிச் சிரிப்பார். இப்படிப்பட்டவர்கள் சும்மா சிரிப்பதில்லை என்பது அவள் கணக்கு.

வல்லம் வடகாலில் அவள் வேலை பார்க்கும் உதிரிபாகத் தொழிற்சாலையின் மாடியில்தான் அலுவலகம். ஏசி ஒழுகும், நாற்காலிகள் ஒன்றோடொன்று முட்டும். இங்கேயே புதுப்பிப்பதா, இல்லை அலுவலகத்தை மட்டும் கிண்டிக்குக் கொண்டுபோவதா என்று முதலாளி யோசிப்பதாகப் பேச்சு. கிண்டி என்றால் செல்லக்கனிக்கு வேலை போன மாதிரிதான். கம்பெனி வேன் இருப்பதால் இப்போது இருட்டுவதற்குள் காஞ்சிபுரம் போய், பக்கத்து வீட்டில் காத்திருக்கும் மகளைக் கூட்டிக்கொள்ள முடிகிறது.

அந்த நேரம் பார்த்து ஜெபகுமார் மேசை மேசையாக வந்து, யார் யார் எங்கிருந்து வருகிறீர்கள் என்று விசாரித்தார். எதற்கு என்று கேட்டால் சும்மாதான் என்று அதே சிரிப்பு. செல்லக்கனி உடனே வேனில் வரும் மற்ற மூவரையும் கேன்டீனில் ஓரங்கட்டினாள்.

"எல்லாரும் பக்கத்துல இருக்கிற மண்ணூர்னே சொல்லுங்க. தூரத்துலேர்ந்து வாரோம்னு தெரிஞ்சா, இவங்களுக்கு எங்க போனா என்னன்னு கிண்டிக்குத் தூக்கிருவாங்க."

நால்வரும் மண்ணூர்க்காரர்களானார்கள். அவர்களில் எவாஞ்சலின் ஒரு படி மேலே போய், மாதா கோயிலுக்குப் பக்கத்துத் தெரு என்று அடையாளம் வேறு சொல்லிவிட்டாள்.

மறுவாரம் முடிவு வந்தது. அலுவலகம் இங்கேயேதான், புது மேசை, புது ஏசி, எல்லோருக்கும் லட்டு. செல்லக்கனி தன் சாமர்த்தியத்தை மெச்சிக்கொண்டு லட்டைக் கடித்தபோதுதான் ஜெபகுமார் மீதியைச் சொன்னார். இந்த முடிவு எப்போதோ எடுத்ததாம். ஊர் விசாரித்தது வேனுக்காக. ஆளே இல்லாத காஞ்சிபுரம் வேனை நிறுத்திவிட்டு மண்ணூருக்கு விடப்போகிறார்களாம்.

சாயங்காலம் ஓட்டுநர் அண்ணாதுரை வண்டியை எடுக்கவில்லை.

"காஞ்சிபுரத்துக்கு ஆளே இல்லன்னு யாரோ சொல்லிக்கீறாங்க மேடம். டெய்லி நான் இன்னா, பேயையா ஏத்தினு வரேன்? மண்ணூருக்கு வேற டிரைவராம்."

செல்லக்கனியால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வெட்கமும் பயமுமாக அவரையும் கூட்டிக்கொண்டு மாடியேறி, நடந்ததை ஒன்றுவிடாமல் ஜெபகுமாரிடம் சொன்னாள்.

அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "டிரைவருக்கு வேலை போகுதுன்னதும் நாலு பேரும் காஞ்சிபுரம் ஆயிட்டீங்களா?"

அண்ணாதுரையையே கேளுங்கள் என்றாள். அவர் வேறு என்ன சொல்வார் என்றார் ஜெபகுமார். ஆதாரைக் காட்டலாமென்றால் அதில் இன்னும் சொந்த ஊரான சாத்தான்குளத்து விலாசம்தான். அவருடைய அந்தச் சந்தேகப் பார்வை செல்லக்கனிக்குப் புதிதல்ல. இத்தனை நாளும் அவள் அவரைப் பார்த்த பார்வைதான்.

திங்கட்கிழமை வேன் மாதா கோயில் பக்கத்துத் தெருவிலேயே வந்து நிற்கும், சௌகரியம்தானே என்று அவர் சிரித்துக்கொண்டே கேட்டார்.